நாலாவது கம்பளம்

டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். பிறகு ஒன்றுமில்லை.

நாற்பது வருஷத்துக்கு முந்திய சத்தம், தம்பி. அப்போது இந்த வீட்டுக்கு எதிரே ஒரு சின்ன மரப்பாலம் கடலுக்குள் நீண்டிருக்கும். அதன் கால்களில் பழைய லாரி டயர்களைக் கட்டியிருப்பார்கள். அப்பாவின் படகு வந்து அந்த டயரில் இரண்டு முறை முட்டும். முதல் முட்டுக்கு அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இரண்டாவது முட்டுக்கு எண்ணெய் தடவுவாள். அப்பா காலைக் கழுவிவிட்டு உள்ளே வரும்போது முதல் தோசை தட்டில் இருக்கும். ஒரு நாள்கூடத் தப்பினதில்லை.

நீங்கள் வந்ததும் வராததுமாகப் படகைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த பாலிஷ் போட்டது யார்? எனக்கு அந்த ஆள் வேண்டும்" என்று கேட்டீர்கள். மணப்பாட்டில் விடுதி வைத்திருக்கிறேன், இரண்டு பழைய பைபர் படகு கிடக்கிறது என்றும் சொன்னீர்கள். ஆளைச் சொல்லலாம். ஆனால் வேலை நடந்த விதத்தைக் கேட்காமல் ஆளை மட்டும் தெரிந்துகொண்டு போனால் பின்னால் என்னைத் திட்டுவீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். கித்தேரி, தம்பிக்குக் காப்பி.

இது அப்பாவின் படகு. அவர் கப்பல் ஏஜென்ட். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களுக்குக் காகிதம் கொண்டுபோவார், மாலுமிகளுக்கு வெங்காயம் கொண்டுபோவார். படகுக்கு ஸ்டெல்லா என்று பெயர் வைத்தார். அவர் போனபிறகு பத்தொன்பது வருஷம் இந்த ஷெட்டிலேயே தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. போன வருஷம் ஜூலையில் என் தம்பி மாக்சிம் கனடாவிலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, கிறிஸ்மஸுக்கு வாரேன். ஷெட்டைக் காலி பண்ணி வை, கார் நிறுத்தணும். அந்தப் படகை யாருக்காவது கொடுத்துரு."

கொடுக்கிறேன், ஆனால் இப்படியே கொடுக்கமாட்டேன் என்றேன். கட்டிக்கொடுக்கிற பெண்ணைக் குளிப்பாட்டாமலா அனுப்புவார்கள்?

தார்ப்பாயை எடுத்துப் பார்த்தால், வெள்ளைப் படகு சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றது. தொட்டால் கையெல்லாம் மாவு, கரும்பலகை துடைத்த கை மாதிரி. உள்ளே அப்பா போட்ட சிவப்புக் கம்பளத்தில் காளான் முளைத்திருந்தது. நான் கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் தாவரவியல் நடத்தியவள். குனிந்து பார்த்து அந்தக் காளானின் இனத்தைச் சொன்னேன். "பேரு வைக்கவா டீச்சர் தார்ப்பாயைத் தூக்கினோம்? அள்ளி வெளியே போடுங்க" என்றாள் கித்தேரி. இருபது வருஷமாக இந்த வீட்டில் சமைக்கிறாள். அவளுக்கு வாயும் கரண்டியும் ஒரே வேகம்.

ஆகஸ்டில், மாதா திருவிழாக் கொடி இறங்கின மறுவாரம் கஸ்பார் வந்தார். பைபர் வேலையில் இந்த ஊரில் அவர்தான் கை. அறுபத்து மூன்று வயது, மனைவி இறந்து ஏழு வருஷம், ஒரே மகளை நாகர்கோவிலில் கட்டிக்கொடுத்திருந்தார். இதையெல்லாம் நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்குள் வேலைக்கு ஒருவரை விடும்போது தானாகத் தெரியவருகிற விஷயங்கள்.

படகைச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் அங்கங்கே தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"உயிர் இருக்கு டீச்சர். தோல்தான் போயிருக்கு. ஒரு மாசம் போதும்."

பைபர் படகுக்கு மேலே ஜெல்கோட் என்று ஒரு தோல் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். நகத்தின் கனம்கூட இராது. வெயில் பட்டுப் பட்டு அதன் மேல்பகுதி சுண்ணாம்பாகிவிடும். தண்ணீர் விட்டு உப்புத்தாளால் அந்தச் சுண்ணாம்பை மட்டும் எடுக்கவேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட மெல்லியது, பிறகு அதைவிட. கடைசித் தாளைக் கன்னத்தில் வைத்தால் பட்டு மாதிரி இருக்கும். வைத்துப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன். அதன் பிறகு பசை போட்டு மெஷினால் பாலிஷ், கடைசியில் மெழுகு.

மூன்று வாரத்தில் வெளிப்பக்கம் முடிந்தது என்றார். நான் என் கைலென்ஸை எடுத்துக்கொண்டு போனேன். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும். இலையின் மயிர் எண்ணுகிற லென்ஸ்.

"இது என்ன?"

"கோடு டீச்சர்."

"ஏன் இருக்கிறது?"

"உங்க கண்ணாடிக்குள்ள இருக்கு. கடல்ல எந்த மீனும் லென்ஸ் வச்சிப் பாக்காது டீச்சர்."

"மீன் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்ப்பேன்."

அவர் சிரித்தார். சிரித்தால் ஒரு பக்கம்தான் சிரிப்பார். மறுநாள் ஒன்பது மணிக்கு வந்து மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தார். வேலையில் சுணக்கம் அவருடையது, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் தடவையே சரியாகச் செய்திருந்தால் செப்டம்பரில் முடிந்திருக்கும்.

மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமல்லவா? ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். சும்மா உட்காருவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் பேப்பர் வாசித்தேன். அவர் இரண்டு கையும் ஈரம், அவரால் பேப்பர் பிடிக்க முடியாது, அதனால் உரக்க வாசித்தேன். தலையங்கத்திலிருந்து இரங்கல் செய்தி வரை. வேலைக்காரருக்கும் உலக விஷயம் தெரியவேண்டும். வகுப்பில் முப்பத்தொரு வருஷத்தில் அவ்வளவு கவனமாக என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் வாசிக்கும்போது நடுவில் ஒரு பத்தியைத் தாண்டிப் போனேன், சோதிக்கத்தான். "டீச்சர், அந்த மந்திரி என்ன சொன்னாருன்னு விட்டுட்டீங்க" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமலே.

கித்தேரி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்ப்பாள்.

"படகு வேலைக்கா டீச்சர் கஞ்சி போட்ட சேலை?"

"வண்ணாரிடம் துணி சேர்ந்து கிடந்தது. போட்டு அனுப்பினார்."

"பவுடரும் அவருதான் போட்டு அனுப்பினாரா?"

இவளுக்கெல்லாம் பதில் சொன்னால் நம் மரியாதை போய்விடும். நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. படகு வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் மேஸ்திரிக்கு வேட்டி துண்டு கொடுக்கவேண்டும். அதை அவர் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. வாங்கின கையால் அந்தப் படகில் மறுபடி உளியோ தாளோ வைக்கமாட்டார்கள், வேறு ஆளைத்தான் கூப்பிடவேண்டும். அப்பா காலத்தில் அதை அப்படிப் பார்த்திருக்கிறேன். ஆகஸ்டிலேயே நல்ல எட்டு முழ வேட்டியாகப் பார்த்து வாங்கி, பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைத்துவிட்டேன். வாங்கினதைக் கொடுக்கவேண்டாமா என்று கேட்டாள் கித்தேரி. முடியட்டும், கொடுப்போம் என்றேன்.

அக்டோபரில் ஒரு விபத்து. விபத்து என்றுதான் சொல்லவேண்டும். முகப்பில் வலதுபக்கம் ஒரு மங்கல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. கஸ்பார் பார்த்தார், இல்லை என்றார். நான் இருக்கிறது என்றேன்.

"டீச்சர், ஏற்கெனவே மூணு தடவை தேச்சாச்சு. இனியும் தேச்சா தோல் போய் உள்ள இருக்க நார்த்துணி தெரிஞ்சிரும்."

"தேயுங்கள், தெரியாது."

"சொல்லுதேன்ல டீச்சர்."

"எனக்குத் திருப்தியில்லை, கஸ்பார்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து தேய்த்தார். நான் விளையாட்டுச் செய்தி வாசித்தேன். அரைமணி நேரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நார்த்துணி எட்டிப் பார்த்தது. புண்ணில் எலும்பு தெரிகிற மாதிரி. அவர் எழுந்து கையைக் கழுவினார்.

"இனி மூணு வாரம் ஆகும் டீச்சர்" என்றார். திட்டுகிற குரலாக இல்லை. லீவு கிடைத்த குரலாக இருந்தது, அந்த வயதில் என்ன பொறுப்பின்மை பாருங்கள்.

ஒட்டுப் போடுவது லேசு. நிறம் சேர்ப்பதுதான் கஷ்டம். பழைய வெள்ளை பழுத்துப்போன வெள்ளை. புது வெள்ளை அதன் பக்கத்தில் பல் செட் மாதிரி நிற்கும். மஞ்சள் ஒரு சொட்டு, கறுப்பு ஊசிமுனை அளவு என்று கலந்து கலந்து, சின்னச் சின்னத் துண்டுகளில் காயவைத்து, நானும் அவரும் வெயிலில் பிடித்துப் பார்ப்போம். பதினேழு துண்டு. அவற்றை ஒரு அட்டைப் பெட்டியில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மாதிரிகளைப் பாதுகாப்பது என் தொழில்.

சரி, கம்பளத்துக்கு வருகிறேன். உள்தளத்தில் விரிக்கத் தண்ணீர் குடிக்காத கம்பளம் வேண்டும், அது பாளையங்கோட்டையில் ஒரு கடையில்தான் நல்லதாகக் கிடைக்கும் என்றார் கஸ்பார். திரைச்சீலை, மெத்தை, தரைவிரிப்பு விற்கிற கடை. நடத்துகிறவள் அமலோற்பவம் என்று ஒரு விதவை. போய் நீலம் வாங்கிவந்தார். நீலம் என்றால் பள்ளிச் சீருடை நீலம். மாற்றிவரச் சொன்னேன். பச்சை கொண்டுவந்தார். குளத்துப் பாசி. அதையும் மாற்றச் சொன்னேன்.

"அந்தம்மா கேக்காங்க டீச்சர், உங்க படகுல யாரு குடியிருக்கப் போறாங்கன்னு."

"கடைக்காரிக்கு எதற்கு அந்த விசாரணை?"

"சும்மா சிரிச்சிக்கிட்டுக் கேட்டாங்க."

எனக்கு அவள்மேல் சந்தேகம். அவசர அவசரமாக எதையோ தலையில் கட்டி அனுப்புகிறாள். அதனால் கஸ்பாருக்கு நன்றாகச் சொல்லி அனுப்பினேன். ஒவ்வொரு சுருளையும் பிரிக்கச் சொல்லுங்கள். வாசலில் கொண்டுவந்து வெயிலில் பாருங்கள். நிழலிலும் பாருங்கள். ஒரு நாள் முழுக்க ஆனாலும் பரவாயில்லை, அங்கேயே உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கே போவேன் என்று கேட்டார். "அவளையே கேளுங்கள், கடைக்காரி வழி சொல்லமாட்டாளா?" என்றேன்.

வழி சொல்லவில்லை, சாப்பாடே போட்டாளாம். அயிரைமீன் குழம்பு. மூன்றாவது கம்பளத்தோடு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, மறுநாள் காலையில் முடி வெட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார்.

மூன்றாவது நல்ல சாம்பல் நிறம். அளவு எடுத்து, வெட்டி, ரப்பர் பசை தடவி, மூலைமூலையாக அழுத்தி ஒட்டினார். ஒரு சுருக்கமில்லை. நான் முகப்பில் நின்று பார்த்தேன், கறுப்புச் சாம்பல். பின்பக்கம் போய்ப் பார்த்தேன், வெள்ளைச் சாம்பல்.

"இரண்டு நிறம் ஒட்டியிருக்கிறீர்கள்."

"ஒரே நிறம்தான் டீச்சர். கம்பளத்துக்கு மயிர் படுக்கிற திசை ஒண்ணு உண்டு. பூனையை நீவுத மாதிரி. நேரா நின்னு பாத்தா கறுத்துத் தெரியும், பின்னால நின்னு பாத்தா வெளுத்துத் தெரியும். எந்தக் கம்பளமும் அப்பிடித்தான்."

"எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியவேண்டும்."

"அப்பிடி ஒரு கம்பளம் உலகத்துல கிடையாது டீச்சர்."

"பாளையங்கோட்டையில் விசாரித்தீர்களா?"

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். ஒட்டினதை உரித்தார். உரித்தால் பசையோடு கிழியத்தான் செய்யும், கிழிந்தது. நாலாவது கம்பளத்துக்கு அவர் பாளையங்கோட்டைக்குப் போனது டிசம்பர் முதல் வாரம். அந்த முறை இரண்டு நாள் ஆயிற்று. மழை என்றார். இங்கே மழை இல்லை.

"டீச்சர், நீங்க அவரை பஸ் ஏத்தி ஏத்தி அனுப்புதீங்க. ஒரு நாள் திரும்பி வராமப் போயிருவாரு பாத்துக்கோங்க" என்றாள் கித்தேரி.

"கம்பளத்தை வாங்கிக்கொண்டு எப்படித் திரும்பி வராமல் இருப்பார்?" என்று கேட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாலாவது கம்பளம் வந்தது, ஒட்டியும் ஆயிற்று. கிறிஸ்மஸுக்கு மாக்சிம் வரவில்லை. லீவு கிடைக்கவில்லையாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றான். எனக்கு வருத்தம்தான். ஆனால் வேலைக்கு இனி கெடு இல்லை, நிதானமாகச் செய்யலாம் என்று கஸ்பாரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். பின் மூலையை மறுபடி பார்க்கலாம், மெழுகு இன்னொரு கை போடலாம், உள்பக்கம் மரச்சட்டத்துக்கும் வார்னிஷ் அடிக்கலாம். பட்டியல் போட்டே வைத்திருந்தேன். பங்குனி வரைக்கும் வேலை காணும்.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, "வேட்டியைக் கொடுத்துருங்க டீச்சர்" என்றார்.

"இன்னும் முடியவில்லையே."

"பாளையங்கோட்டையில அந்தம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்காங்க. பதில் சொல்லணும்."

"கிழிந்த கம்பளத்துக்குக் காசு கேட்கிறாளா?"

"அதில்ல டீச்சர்." படகைக் காட்டி, "நீங்க ஒரு தடவை லென்ஸ் வச்சி முழுசாப் பாத்துருங்க. குறை இருந்தாச் சொல்லுங்க. சாயங்காலம் வரை இங்கனயே இருக்கேன். நீங்க இருக்குன்னு சொன்னா நான் எங்கயும் போகல" என்றார்.

பார்த்தேன். முகப்பிலிருந்து பின்பக்கம் வரை, முழங்கால் போட்டு, இரண்டு மணி நேரம் பார்த்தேன். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் இருந்தது, வாசிக்கவில்லை. பின்பக்கம் இடதுமூலையில், தண்ணீர்க் கோட்டுக்கு மேலே, தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு இருந்தது. இருந்தது, தம்பி. இப்போதும் இருக்கிறது, போகும்போது காட்டுகிறேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது அவர் படகைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது மனிதர், பரீட்சை முடிவுக்கு வந்த பையன் மாதிரி. ஐந்து மாதமாக நான் படுத்தின பாட்டை நினைத்து எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை உழைத்தவரிடம் ஒரு மயிர்க்கோட்டைச் சொல்வது நியாயமா?

"ஒன்றும் இல்லை" என்றேன்.

"ஒண்ணும் இல்லையா டீச்சர்?"

"இல்லை."

"நல்லா யோசிச்சிச் சொல்லுங்க."

தன் வேலையிலேயே அவருக்கு அவ்வளவு நம்பிக்கையில்லாமல் போய்விட்டது. என்னுடைய கண்டிப்புதான் காரணம் என்று நினைத்து, அவர் மனம் தேறவேண்டும் என்று உறுதியாகச் சொன்னேன். "ஒரு குறையும் இல்லை கஸ்பார். முதல் வகுப்பு. போய்வாருங்கள்."

வேட்டியைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தாள்களை, மெஷினை எல்லாம் துடைத்துப் பெட்டியில் வைத்தார். வாசலில் நின்று, "நாளைக்குப் பேப்பர் யாருக்கு வாசிப்பீங்க டீச்சர்?" என்று கேட்டார். எனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, மனதுக்குள்ளேயே வாசிப்பேன் என்றேன். அவருக்கு என் கண்ணைப் பற்றி என்ன கவலை? நல்ல மனிதர்தான்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு பூசையில் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். எங்கள் வேதத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர் வாசிப்பார்கள், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இந்தக் கோயில் பங்கைச் சேர்ந்த கஸ்பார், பாளையங்கோட்டைப் பங்கைச் சேர்ந்த அமலோற்பவம். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும். எனக்கு முதலில் பெயர் பொருந்தவே இல்லை. வேறு கஸ்பார் என்று நினைத்தேன். கித்தேரி என் முழங்கையில் இடித்தாள்.

"அஞ்சு மாசமா ஓயாமக் குறை சொன்ன வாயி. சாமியாரு கூப்பிட்டுக் கேக்காரு, எந்திரிச்சி ஏதாவது சொல்லுங்க டீச்சர்."

"கோயிலில் பேசாதே" என்றேன்.

அடுத்த ஞாயிறும் கேட்டார். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு சாமியார் ஒரு நிமிஷம் நிறுத்தினார். ஓலை வாசிக்கும்போது எல்லோருக்கும் அப்படித்தான் நிறுத்துவார்கள், அன்றைக்கு மட்டும் நீளமாகத் தோன்றியது. கோயிலுக்குள் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. இந்தத் தடவை கித்தேரி இடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏனோ கண் கலங்கியிருந்தது. அவளும் கல்யாணம் என்றால் அழுகிற ரகம்.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருந்தால் அந்தக் கம்பளத்தை நானே போய் வாங்கியிருப்பேன். படகு? கொடுக்கவில்லை, தம்பி. கேட்டு நாலு பேர் வந்தார்கள். இடதுமூலையில் ஒரு கோடு இருக்கிறது, அதைச் சரிபண்ணாமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஆள் வைத்துச் செய்யலாம்தான். பார்க்கலாம். காப்பி ஆறிவிட்டதே, குடியுங்கள்.

கல்யாணம் பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் நடந்தது. கஸ்பார் இப்போது அந்தக் கடையில் கம்பளம் அளந்து வெட்டிக் கொடுக்கிறார். படகு வேலைக்கு யார் கூப்பிட்டாலும் போவதில்லை.